சுமைகூலி

வெயில் முதலில் கூரையைத் தின்றது.
பிறகு பானெட்டை.
பதினோரு கோடையாய் பெர்த்தில்
நிழலில்லாமல் நின்ற சிவப்பு கொரோல்லா.
மேல்பூச்சு உரிந்து செதில் செதிலாய் நிற்கிறது.
ரத்த மாதிரி எடுக்க நான் போகும் வீடுகளில்
காரைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.
ஊசியை நம்புமுன்
வண்டியை நம்ப வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

கானிங்டனில் ஒரு பையன்
ஆயிரத்து எண்ணூறு டாலர் என்றான்.
மூன்றே நாள்.
ஜன்னல் ரப்பரைக் கழற்றுவீர்களா என்றேன்.
டேப் ஒட்டிவிடுவோம் என்றான்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

மேடிங்டனில் ஸோரனின் பட்டறை.
அவர் விலையைப் பேசவில்லை முதலில்.
கட்டைவிரல் நகத்தால் ஒரு செதிலைக் கிளப்பி
ஊதினார். பறந்தது.
இன்னொன்றை ஊதினார்.
பிறகு சொன்னார்:
ஏழாயிரத்து அறுநூறு.
நிறம் அடிக்க எனக்கு ஒரு மத்தியானம் போதும்.
அதற்கு முந்தைய எட்டு நாளுக்குத்தான் காசு.
விளக்கைக் கழற்ற, கைப்பிடியைக் கழற்ற,
தேய்க்க, ப்ரைமர் வைக்க, காயவிட,
வைத்ததையே மறுபடி தேய்க்க.

பானெட்டும் கூரையும் மட்டும்?

மூவாயிரத்தில் முடிப்பேன்.
ஆனால் புதுச் சிவப்பு பக்கத்தில் வந்துவிட்டால்
நாலு கதவும்
ஏதோ தப்புச் செய்ததுபோல் நிற்கும்.

தணிகை எக்ஸெல்லைத் திறந்தான்.
விற்றால் வண்டியே நாலாயிரத்து ஐந்நூறு.
பெயிண்ட் அடித்து விற்றால்
கூட ஓர் ஆயிரம், அதுவும் பேரம் தெரிந்தால்.
"சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்" என்றான்.
ஒவ்வொரு கட்டமும் சரி.
கூட்டலும் சரி.
இத்தனை சரியான ஆளோடு
ஒரே வீட்டில் இருப்பதுதான் கஷ்டம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.
ஸோரன் ஒன்று கேட்டார்:
எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்?
இரண்டு என்றால்
கானிங்டனுக்கே போங்கள், அதுவே அதிகம்.
பத்து என்றால் சாவியைக் கொடுங்கள்.

இந்தக் கேள்வியை
இந்த ஊரில் யாரும் என்னைக் கேட்டதில்லை.
வாடகை வீட்டில் பதினோரு வருஷமாய்
ஓர் ஆணி அடித்ததில்லை நான்.
படங்கள் தரையில், சுவரில் முதுகு சாய்த்து.
கறிவேப்பிலை தொட்டியில்,
தூக்கிக்கொண்டு போக வாகாய்.
பெரிய ஃபிரிட்ஜ் வேண்டாம், பிறகு பார்க்கலாம்.
ஊருக்கா, மெல்பர்னுக்கா, இங்கேயேவா,
மார்ச்சில் முடிவெடுப்போம்.
எல்லா வருஷத்திலும் ஒரு மார்ச் வருகிறது.

பத்து என்றேன்.
என் காதில் விழுந்த பிறகுதான்
சொன்னது நான் என்று தெரிந்தது.

நாலாம் நாள் கூப்பிட்டார், வந்து பாருங்கள் என்று.
கதவு தனியாக ஸ்டாண்டில் படுத்திருந்தது.
ரப்பரை உரித்த இடத்தில்
இரண்டு விரல் அகலத்துக்கு
வெயில் எட்டாத ஒரு கோடு:
பிளந்த மாதுளை.
நான் வாங்கிய நிறம் அது.
நடுவில் எந்த வருஷத்திலோ
செங்கல்லைச் சிவப்பென்று பழகியிருக்கிறேன்.

லாபமா என்று கேட்காதீர்கள். இல்லை.
இன்ஷூரன்ஸ்காரனுக்கு இது இன்னும்
நாலாயிரத்து ஐந்நூறுதான்.
சிக்னலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பிரீமியம் பெட்ரோல் போட்டுப்
பிரியப்படும் அளவுக்கு நான் போகவில்லை.
ஒரு வீட்டு ஐயா மட்டும்
புது வண்டியா என்றார், கையை நீட்டியபடி.
நரம்பு சட்டென்று கிடைத்தது.

முப்பது நாள் மெழுகு கூடாது,
மெஷினில் கழுவக் கூடாது,
போர்த் தண்ணீர் தெளிக்கும் புல்தரை ஓரம்
நிறுத்தவே கூடாது.
பறவை எச்சம் மட்டும் காத்திருக்க விடாதீர்கள்.

ஆறாம் நாள், இரவு பத்தரைக்கு,
பானெட்டின் நட்டநடுவில் ஒரு கொரெல்லாவின் கைவரிசை.
பாட்டில் தண்ணீரும் பழைய வேட்டித்துணியுமாய்
நைட்டியோடு ஓடினேன்.
பின்னாலேயே டார்ச்சோடு தணிகை.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து,
குனிந்து,
"அழுத்தாதே" என்றான்,
"முதலில் ஊறட்டும்."