இடது கணுக்கால்

சம்பளப் பட்டியலில் நான் பிசியோ.
கட்டுப் போடுகிறவள் என்பதுதான் சரி.
ரிம்விதாஸின் இடது கணுக்காலைப்
பதினேழு வருடமாகத் தெரியும்.
முகம் பழகியது அப்புறம்தான்.

முதல் தடவை மேசைமேல் கால் நீட்டியபோது
அவனுக்குப் பத்தொன்பது வயது.
உதெனா நகரம் பனியில் புதைந்து கிடந்தது.
சாக்ஸில் ஓட்டை.
குதிகாலில் தொடங்கி எட்டு வடிவில் சுற்றி
பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்தேன்.
"இறுக்கமா?"
"இன்னும்."
அன்றைக்கு முப்பத்தொரு புள்ளி.

பிறகு இத்தாலியில் இரண்டு வருடம்,
போலந்தில் ஒரு குளிர்காலம்,
சம்பளம் தராத ஒரு கிளப், அதன் பெயரைச் சொல்லமாட்டான்.
திரும்பி வந்த காலில்
யாரோ போட்ட தையல்,
கோணல்.
ஒன்றும் கேட்கவில்லை.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்
காலைக் கையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஏரி உறையப்போவதை
வானொலிக்கு முன்பே அந்தக் கணு சொல்லிவிடும்.
முன்பெல்லாம் அவன் களத்தில் இருந்தால்
பீர் வாங்க ஒருவரும் எழமாட்டார்கள்.
கடைசி மார்ச்சில்
வரிசை கதவுவரை நின்றது,
அவன் கையில் பந்து இருக்கும்போதே.

இப்போது பயிற்சியாளர்.
கோட்டு, மெருகிட்ட தோல் ஷூ,
மூடி தொலைந்த மார்க்கர்.
பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி.
பையன்களைக் கத்துவான்,
கத்தியது யாரையென்று
உள்ளங்கையில் எழுதியிருப்பதுபோல அப்புறம் பார்ப்பான்.

நேற்று கௌனாஸ்காரர்களோடு ஆட்டம்.
தொடங்க இருபது நிமிடம்.
பையன்களுக்கெல்லாம் கட்டி முடித்து
கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கதவைச் சாத்திவிட்டு வந்தான்.
ஷூவைக் கழற்றினான். சாக்ஸை.
மேசைமேல் ஏறி இடது காலை நீட்டிவிட்டுக்
கூரையைப் பார்த்துக்கொண்டான்.

வெளுத்த கால்.
பிளாஸ்திரிக்காக நான் சிரைத்துச் சிரைத்து
மொட்டையாகவே கிடந்த இடத்தில்
முடி முளைத்திருந்தது,
அதில் இரண்டு நரை.

ரேசரைத் தேடவில்லை. வலிக்கட்டும்.
குதிகாலில் தொடங்கினேன்.
"இறுக்கமா?"
"இன்னும்."

கட்டுப் போட்ட கால் அந்த ஷூவுக்குள் நுழைய மறுத்தது.
லேஸை முழுக்க அவிழ்த்து,
திணித்துக்கொண்டு,
நுனிகள் தரையில் இழுபட நடந்துபோனான்.

நான்கு புள்ளியில் தோற்றோம்.
நாற்பது நிமிடமும் உட்காரவில்லை.
பெஞ்சின் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்:
எடை முழுவதையும்
இடது காலில்தான் வைத்திருந்தான்.