வினை பின்னால் வரும்

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
என்ஜின் கழற்றி மறுமுனை மாட்டும்வரை
பைக் டேங்கின் மேல் நோட்டை விரித்து
ரஹ்மத் நிஷா எழுதினாள்:

இரண்டு மூன்று கூட்டு.
நாலாம் மதகை அரையடி திற.

பொருள் முதலில். வினை கடைசியில்.
அடைப்புக்குறி கிடையாது.
"நாம பேசுற மாதிரிதானே" என்றாள்.
முறைப்பாசனக் கணக்குக்காகப் பிறந்த மொழி,
மடை என்று பேர் வைத்தோம்.
வினை வரும்வரை காத்திருக்கும்,
கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்களைப் போல.
வரவே இல்லையென்றால் ஒரு வரி கேட்கும்:
வினை எங்கே?

அப்போது அதில் எழுதத் தெரிந்தவர்கள் பதினோரு பேர்.

பிரிட்டோ வந்தான், திருத்துறைப்பூண்டிப் பையன், கெட்டிக்காரன்.
அடைப்புக்குறி இருந்தால் கண்ணுக்கு எளிது என்றான்.
உண்மைதான். கொடுத்தேன்.
பிறகு வகைகள். பிறகு வகுப்புகள்.
வகுப்பு வந்தால் வாரிசு வராமலா?
கல்லூரியில் படித்த பழக்கத்துக்குக்
கூட்டு(2, 3) என்று எழுதவிட்டால் போதும் என்றார்கள்.
வினை எழுந்து முன்வரிசைக்குப் போய்
உட்கார்ந்துகொண்டது.
ஒரு கோரிக்கைகூட முட்டாள்தனமில்லை.
ஒவ்வொன்றையும் சேர்த்தது என் கைதான்.

இன்று நாலாயிரம் பேர்.
ஷார்ஜாவிலிருந்து நிஷா
புதுக் கையேட்டைப் புரட்டிவிட்டுக் குரல் அனுப்பினாள்:
"நல்லா இருக்கு. இது என்ன மொழி?"
கிண்டலா என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தேன்.
பின்னால் லிஃப்ட் கதவுச் சத்தம்தான் தெளிவாக இருந்தது.

மூணாறு தலைப்புக்குப் போனேன், வேறு வேலையாக.
வெண்ணாறு வருகிறது.
கோரையாறு, பாமணியாறு,
அப்புறம் வெண்ணாறு என்றே போகிறது.
மூன்றில் அது மட்டும் பழைய பேரில் போவது
யார் செய்த முடிவு?
லஸ்கரைக் கேட்டேன்.
ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர்
"என்ன சார்?" என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.

நேற்று ராத்திரி பிரிட்டோவிடமிருந்து பிழைக் குறிப்பு:
காற்புள்ளி விட்டுப்போனால்கூட
'வினை எங்கே?' என்று வருகிறது.
வினைதான் முதலிலேயே இருக்கிறதே.
அர்த்தமில்லாத செய்தி. நீக்கலாமா?

சொல்வது சரி.
நீக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்றைக்கும் கேட் போட்டிருக்கிறது.
கடலைக்காரர் இரண்டு முறை கடந்துபோய்விட்டார்.
பதில் பெட்டியில்
'அந்த ஒரு வரியை'
என்று தட்டி
நிறுத்தியிருக்கிறேன்.