பக்கம் பதினொன்று

ட்ரியெஸ்தேயில் அந்தப் பிப்ரவரி
போரா காற்று ஒரு மீன் வண்டியைத் தூக்கிக்
கடலுக்கே திருப்பிக் கொடுத்தது.
மேட்டுப் பாதையில் ரயில் நின்றுபோனது.
உள்ளே ஒரு செல்லோவும்
அதை வாசிக்க வேண்டிய ஒட்டிலியே ஸ்ட்ராக்னரும்.

எங்கள் இதழின் பதினொன்றாம் பக்கத்திலோ
அவள் வாசித்து முடித்து
கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

ஒரெஸ்தே ப்ரெஸ்ஸான் அப்படித்தான்.
வெள்ளிக்கிழமை அச்சு, சனிக்கிழமை கச்சேரி.
காத்திருந்தால் அடுத்த இதழுக்குள் ஆறிப்போகும் என்று
நிகழ்ச்சி நிரலை எதிரே சாய்த்துவைத்து
வியாழன் மாலை, சூப் வருவதற்குள்
விமர்சனத்தை எழுதிவிடுவார்.
"மூன்றாம் பகுதியில் வில் நரம்பைத் தொடவில்லை,
தொடப்போவதாகச் சொன்னது, அவ்வளவே."
அந்த முதல் காற்புள்ளி நான் போட்டது.

நான் நிவேஸ்.
பிழை திருத்துவேன், முகவரி ஒட்டுவேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சந்தா அட்டைகள் என் பொறுப்பு;
அதில் இருவர் செத்த பிறகும்
ஜனவரி தவறாமல் பணம் கட்டுகிறார்கள்.

தந்தி வெள்ளி நான்கு மணிக்கு வந்தது.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
ஆசிரியர் எர்சிலியா விதாலி அதைப் படித்தார்,
அடுக்கிக் கிடந்த தாள்களைப் பார்த்தார்.
பின்பக்கம் பியானோ வியாபாரியின் முழுப்பக்க விளம்பரம்;
அந்தப் பணம்தான் இந்தக் காகிதம்.
"நாளைக்குள் காற்று இறங்கிவிடும்" என்றார்.

இறங்கவில்லை.
திங்களன்று இதழ் தபாலில் போனது.

பிறகு கடிதங்கள்.
கொரித்சியாவிலிருந்து ஒரு பல் மருத்துவர்:
படித்ததும் மனைவி அழுதாளாம்.
போலாவின் சுங்க அதிகாரி
ஆண்டுச் சந்தாவை இரண்டாண்டாக்கினார்.
ஒருவர் மட்டும் கோபமாக இருந்தார்:
இரண்டாம் பகுதி அவசரம், மிக அவசரம்,
உங்கள் விமர்சகர் இதைக் கவனிக்கவில்லையா,
நான் நான்காம் வரிசையில் இருந்தேன்.

அந்தக் கடிதத்தை
மூன்று முறை வாசித்தேன்.
பூட்டிய அரங்கின் நான்காம் வரிசையில்
தொப்பியை மடியில் வைத்தபடி
அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் எனக்கு.

அடுத்த இதழில் திருத்தம் போட்டோம்.
பக்கம் முப்பத்திரண்டு, மரப் பாலிஷ் விளம்பரத்துக்கும் கீழே,
எறும்பு வரிசை போல எழுத்தில்.
யாரும் எழுதிக் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் அவள் கடிதம் வந்தது.
ஹோட்டல் தாள், பென்சில் எழுத்து, ஜெர்மன்.
எனக்குத்தான் ஜெர்மன் தெரியும்;
ப்ரெஸ்ஸானுக்கு நின்றபடி வாசித்துக் காட்டினேன்.
வசை இருக்கும் என்று அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

'ஐயா, ரயில் நிலையத்தில் இரண்டு இரவுகள்
பயணப்பெட்டி மேல் தூங்கினேன்.
உங்கள் இதழ் பிற்பாடு கிடைத்தது.
நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.
வில் நரம்பைத் தொடாமல் எப்படி வாசித்தேன் என்று
தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.
முயன்று பார்க்கிறேன், வரவில்லை.'

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார்.
சூப்புக்குக்கூடப் போகவில்லை.

ஏப்ரலில் அவள் வந்தாள்.
இதழுக்கென்று வந்த இரண்டு சீட்டில் ஒன்று எனக்கு.
சிறிய பெண், பெரிய காலணி,
கழுத்தில் சளிக்குக் கட்டிய கம்பளித் துணி.
முதல் பகுதி சுமார்தான்.
இரண்டாவது, உண்மையிலேயே, கொஞ்சம் அவசரம்.

மூன்றாவதில் வில்லை உயர்த்தினாள்.
ப்ரெஸ்ஸான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.
தொட்டதா, தொடவில்லையா,
கேட்டால் சொல்லத் தெரியாது.
ஆனால் ஓர் இடத்தில், நடு வாக்கியத்தில்,
என் காற்புள்ளி இருந்த அதே இடத்தில்
அவள் மூச்சு விட்டாள்.

அந்தக் கச்சேரிக்கு
எங்கள் இதழில் விமர்சனம் இல்லை.