முந்தியது

மார்ச்சில் வாடகை கட்டவில்லை.
சர்வர் போய்விட்டது.
பிறையில் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையம்,
நோயாளிகளின் பெயர் இருக்கிற கணினி என்று
அதற்கு இணையமே கொடுக்கவில்லை, குறுஞ்செய்திக்கு மட்டும் ஒரு சிம்.
லோகேந்திரன் அங்கே.
நான் இங்கே, ஜெலுத்தோங் அடுக்குமாடியில், எட்டாம் மாடி.
நடுவில் கடல்.

மிஸி சியூ லிங் காலைப் பெர்ரியில் அக்கரை போவார்,
இரவு திரும்புவார்.
சட்டைப் பையில், பேனாவை ஒட்டி, எங்கள் பென் டிரைவ்.
"மொத்தமும் இதுக்குள்ளயா?"
இல்லை மிஸி, மாறியது மட்டும்.

இருவரிடமும் இருக்கிற கடைசிப் புள்ளி எதுவோ
அதற்குப் பிறகு நான் தொட்டதை மூட்டையாகக் கட்டுவேன்.
அவன் அவிழ்ப்பான், தன்னுடையதோடு சேர்ப்பான்,
பதிலுக்குக் கட்டுவான்.
ஒரே வரியில் இருவரும் கைவைத்திருந்தால்
இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து
நீயே சொல் என்று நின்றுவிடும்.
நாற்காலி துடைக்கப் பதினைந்து நிமிடம் என்றேன் நான்.
இருபது என்றான் அவன்.
இருபதே இருக்கட்டும்,
நாற்காலியைப் பார்க்கிறவன் அவன்தான்.

செப்டம்பரில் ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை.
"லோகா லீவு," என்றார் மிஸி, அதற்குமேல் பேசவில்லை.
பிறகு வந்த மூட்டை அவிழ மறுத்தது.
இதற்கு முந்தியது உன்னிடம் இல்லை.
அடியில் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம்.
மறுபடி போட்டேன். மறுபடியும்.
இல்லாதது எத்தனை முறை கேட்டாலும் இல்லை.
முதல் ஏழு எழுத்தைச் சீட்டில் எழுதி
பென் டிரைவோடு ரப்பர் வளையம் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து வந்தது.
மறந்தானா, தர மனமில்லையா, கேட்கவில்லை.
பதினோராம் தேதி, விடியற்காலை நாலு பத்து.
நிலையத்தை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.
ஒரு வரி போயிருந்தது, மூன்று வரி வந்திருந்தது:
காலமானவர் என்று குறித்த எண்ணுக்கு
'நாளை காலை ஏழுக்கு உங்கள் முறை, மறவாதீர்'
இனிப் போகாது.
விளக்கம் எழுதும் இடத்தில் பத்தி பத்தியாக எழுதுகிறவன்
அன்று இரண்டே சொல் எழுதியிருந்தான்:
அண்ணனுக்கும் வந்தது.

போன வரி என்னுடையது.
இரண்டு வருடத்துக்கு முன்பு, கொய்த்தியாவ் ஆறிப்போவது தெரியாமல்,
'எல்லாருக்கும் அனுப்பு' என்று
பெருமையாக முடித்த வரி.

சேர்த்தேன். மோதல் ஏதும் இல்லை என்றது.
அதன்பின் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.
பழக்கத்தில் கட்டப் பார்த்தேன்,
வெறும் மூட்டை கட்ட முடியாது என்றது.

காலையில் மிஸியிடம் கொடுக்கவில்லை.
பென் டிரைவைக் கைக்குள் பொத்திக்கொண்டு
ஏழு மணிப் பெர்ரியில் நானே ஏறினேன்.
மிஸி நிமிர்ந்து பார்த்தார்,
மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.