பழைய டவுனுக்கு வழி

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் கடையில் கொப்பி ஒன்று இருபது ரூபாய்.
கேள்விக்கு விலை எழுதிப் போடவில்லை,
அதனால் அதுதான் அதிகம் வருகிறது.

நல்லதண்ணிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?
சீசனில் நிரம்பியதும் எடுப்பான்.
மற்ற நாளில் டிரைவர் சாப்பிட்டுக் கை கழுவியதும்.

மேலே குளிருமா?
குளிரும். நீங்கள் கொண்டுவந்த சுவெட்டருக்குத்
தெரியாத குளிர்.

படி எத்தனை?
எண்ணிக்கொண்டு ஏறியவர்கள்
ஆளுக்கொரு கணக்கோடு இறங்குகிறார்கள்.
நான் ஒரே தடவை போனேன்,
பாதியில் கால் இழுத்துத் திரும்பிவிட்டேன்.
அதைச் சொல்வதில்லை.
ஐயாயிரத்துச் சொச்சம் என்கிறேன்.
கேட்டவர் முகம் சுருங்கி
பக்கத்துக் கடை பாஹிரிடம்
இன்னொரு சோடி சாக்ஸ் வாங்குகிறார்.

அட்டை கடிக்காமலிருக்க?
காய்ந்த சவர்க்காரக் கட்டியை
அப்படியே சாக்ஸில் தேயுங்கள்.
இது என் அபிப்பிராயம் மட்டும்தான் என்று
முன்பெல்லாம் சேர்த்துச் சொல்வேன்.
பஸ் ஹோன் அடிக்கும்போது
அந்தப் பாதி யார் காதிலும் ஏறவில்லை.

போன தையில் முல்லைத்தீவுப் பையன் ஒருவன்
போனுக்கு ரீலோட் போட வந்து
எனக்கே சொல்லித்தந்தான்:
"அட்டைக்குச் சூடம்தான் அக்கா.
மஸ்கெலியாவில ஒரு கொப்பிக் கடைக்காரி சொன்னவவாம்."
சவர்க்காரம் எந்தப் பஸ்ஸில் ஏறி
எந்த வளைவில் சூடமானதோ.
தலையாட்டினேன்.
வேலை செய்தாலும் செய்யும்.

ஒரு மத்தியானம் மொக்காவிலிருந்து
சந்தனமேரி என்ற பெண், கையில் வங்கிப் படிவம்.
"நிரந்தர முகவரின்னா என்னாக்கா எழுதுறது?"
இருக்கிற எடத்த எழுதுங்க.
"இருக்கிறது ஆறாம் லயம், நாலாம் காம்பரா.
கடுதாசி அங்க வராது, ஆபீசுக்கு வரும்,
ஆபீசுலயே கெடக்கும்."
அப்ப ஆபீச எழுதுங்க.
"நா அங்க குடியில்லையே."
படிவத்தில் அந்தக் கட்டம் விரலகலம்.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
மெஷின் சூடேறி
ஒரு வெற்றுத்தாளைத் துப்பியது.
கடைசியில் என் பேனாவால்
மே/பா என்று போட்டு
என் கடைப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
அது ஒரு பதிலா என்று தெரியாது.
இப்போது என் மேசை இழுப்பறையில்
பதினேழு குடும்பத்துக் கடிதங்கள்.

பங்குனியில் மழை பொய்த்தது.
மவுசாகலைத் தண்ணீர் இறங்கி
மூழ்கிய டவுனின் சுவர்கள் சேற்றோடு எழுந்தன.
பார்க்க வந்த கூட்டத்தில்
கம்பளையிலிருந்து முஸம்மில் என்றொருவர்,
எழுபது வயதிருக்கும்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"எங்க வாப்பாட பேக்கரி எந்தப் பக்கம்?"

அந்த ஊர் மூழ்கும்போது நான் பிறக்கவில்லை.
தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
ஆனால் போன வறட்சியில் ஒருவர்
கோயிலுக்கு வலப்புறம் ரொட்டி வாசம் வரும் என்றிருந்தார்.
அதற்கும் முன்னால் ஒரு அம்மா
பள்ளிவாசல் தெருவில் தான் விழுந்து
முழங்கால் கிழிந்த இடத்தைச் சொன்னார்.
கேட்டதையெல்லாம் கூட்டி
கெட்டுப்போன கொப்பியின் பின்பக்கத்தில்
ஒரு தெரு வரைந்தேன்.
அவர் பேனாவை வாங்கினார்.
தெருவைச் சற்று வளைத்தார்,
முனையில் ஒரு கிணறு வைத்தார்,
பேக்கரியை எங்கும் வைக்கவில்லை.
ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு
இருபது ரூபாய் தந்து போனார்.

மறுநாளே வட்டவளைக்காரர் ஒருவர்
கிணறே கிடையாது, அங்கே சலூன் என்றார்,
தான் முதல் கிராப்பு வெட்டிய சலூனாம்.
கிணற்றை அழிக்க மனமில்லை.
பக்கத்தில் கத்தரிக்கோல் ஒன்றைப் போட்டுவைத்தேன்.

பழைய டவுனுக்கு வழி கேட்கிறீர்களா?
இந்தாருங்கள் தாள்.
கிணறோ சலூனோ நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.
செருப்பை மட்டும் இங்கேயே விட்டுப் போங்கள்,
சேறு முழங்கால்வரை இழுக்கும்.
அது நான் போய்ப் பார்த்தது.