இரண்டாம் செவ்வாய்

ஆக்லாந்தில் ஏறும்போது செவ்வாய் மாலை.
மில்லராய் என் மார்பில் கட்டிய பொதி.
நவேல் காலில் ஒற்றைச் செருப்பு;
மற்றது எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்
வரவே இல்லை.

நாலு மணி நேரமாய் முட்டிக்கொண்டு நிற்கிறது எனக்கு.
தூங்குகிறவளை எழுப்பவா,
தூங்காதவனை விட்டுப் போகவா?

கடைசியில் கழிப்பறைக்குள் மூவரும்.
நவேல் பொத்தானை அமுக்குகிறான்.
உறுமல்.
மறுபடி அமுக்குகிறான்.
"அம்மா, வானம் உறிஞ்சிக் குடிக்குது."

வெளியே வரிசையில் நின்ற
இன்வர்கார்கில்காரர், ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவராம்,
கேட்காமலே குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்தார்.
கக்கினாள். அவர் துடைக்கவில்லை.
நான் அப்போதுதான் அழுதேன், கொஞ்சம்.

நடுக்கடலில் தேதிக்கோடு.
சந்தியாகோவில் இறங்கினால்
அதே செவ்வாய், மத்தியானம்.
நாங்கள் இன்னும் ஏறவே இல்லை என்கிறது கணக்கு.
என் இடத்தோள் மட்டும்
ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.