வாசம் மட்டும்

கொன்ஸ்டான்ஸ். ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளம்.
எனக்குச் சம்பளம் எண்ணுவதற்கு:
குவளைக்கு நாற்பது நீர்த்தெள்ளு,
எத்தனை உயிரோடு, எத்தனை தலையில் கூர்.

எல்லாம் ஒரே தாயின் நகல்கள்,
ஆண் துணையில்லாமல் பெற்றுப் போட்டவை.
இடப்பக்கம் வெறும் தண்ணீர்.
வலப்பக்கம் நேற்று மீன் நீந்திவிட்டுப் போன தண்ணீர்.
மீன் இல்லை. வாசம் மட்டும்.
அதற்கே தொப்பி முளைத்துவிடுகிறது
கண்ணுக்கு மேலே, ஊசி நுனியாய்,
விழுங்க வருகிறவன் தொண்டையில் குத்தட்டும் என்று.

'என்று' என்று நான் எழுதக் கூடாதாம்.
ஃபோல்க்ஹார்ட் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.
தெள்ளுக்கு ஏது எண்ணம்,
தாயக்கட்டை கோடிமுறை உருண்டது,
நின்றது நின்றது, செத்தது செத்தது.
மேல்மாடி மோஸ்ப்ரூக்கர் அம்மாள் விடமாட்டார்:
கட்டை உருளட்டும்,
வாசம் பட்டதும் வீச்சை மாற்றுகிற கை யாருடையது?
நெருக்கடி வந்தால் சில கிருமிகள்
தம் எழுத்தில் தாமே அவசரமாய்ப் பிழைவிடுகின்றனவே,
அதையும் கட்டையா சொல்லிக்கொடுத்தது?
ஆமாம், அதையும்தான் என்கிறார் இவர்.
காப்பி ஆறிப்போகிறது.
குவளை கழுவுவது நான்.

தாய்க்கு வாசம் பட்டிருந்தால்
தெளிந்த தண்ணீரிலும் குஞ்சு தொப்பியோடு பிறக்குமாம்.
அதைப் படித்த இரவு மகளை உற்றுப் பார்த்தேன்.
ஆகஸ்டில் ஏரிமேல் வாணவேடிக்கை.
முதல் வெடிக்கே நான் மேசைக்குக் கீழே.
அவள் படகுத்துறையில் நின்று
இன்னும், இன்னும் என்று கத்துகிறாள்.
என் பயத்தில் ஒரு கூர்கூட அவளுக்கு முளைக்கவில்லை.
நிம்மதி. சொல்ல வெட்கம், கொஞ்சம் ஏமாற்றமும்.

அகதி விசாரணையில் கேட்டார்கள்:
ஏன் இந்த ஊர்? தெரிந்தெடுத்தா, தற்செயலா?
லாரி நின்ற இடம் அது.
ஆனால் நாலு பேர் உள்ளேயே இருந்தார்கள்,
இறங்கியது நான்.
இரண்டுக்கும் சேர்த்து அந்தத் தாளில் பெட்டி இல்லை.

இன்று, இடப்பக்கம், ஏழாம் குவளை.
முப்பத்தொன்பது மொட்டைத் தலை.
ஒன்று மட்டும் கூரோடு.
மத்தியானம் தின்ற சூடைக் குழம்பு
விரலில் மணந்திருக்குமோ?
கையுறை போட்டிருந்தேனே.
பிழை என்று எழுதி ஊற்றிவிடு என்கிறார் ஃபோல்க்ஹார்ட்.
ஒன்று என்று மட்டும் எழுதினேன்,
காரணத்துக்கான கட்டம் காலி.
அதை உறிஞ்சி எடுத்து வேறு குவளையில் விட்டேன்.
துள்ளி ஏறுகிறது, பாதி சறுக்குகிறது, மறுபடி துள்ளுகிறது.
இருக்கட்டும் என்று விட்டேன்.
இந்த 'என்று' என்னுடையது.